யூனிவர்சிட்டி தண்ணி

இன்றைக்கும் ஸ்கேனர் கண்ணாடியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் போகவில்லை, நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன். உனக்குத் தெரியாததா? திருப்பதியில் ஆராய்ச்சி முடிக்கிறவர்கள் ஒருவரும் ஆய்வேட்டை நேராகப் பல்கலைக்கழகத்தில் கொண்டுவந்து கொடுப்பதில்லை. பைண்டிங் கடையிலிருந்து அப்படியே மலையடிவாரத்து அலிபிரிக்குப் போய், தேங்காய் உடைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் குங்குமம் வைத்த பிறகுதான் ஆபீசுக்கு வரும். அணுவைப் பற்றி எழுதினாலும் சரி, ஆட்டெருவைப் பற்றி எழுதினாலும் சரி. நாத்திகம் பேசுகிறவன்கூட சிநேகிதன் கையில் கொடுத்தனுப்பி மஞ்சள் வைத்துக்கொள்வான்.

அலமாரியில் எத்தனையோ வருஷம் கிடந்த அந்த மஞ்சள், ஆய்வேட்டைத் திறந்ததும் மெல்ல மணந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஸ்கேனரை அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸ் நேரத்தில் சொந்தக் கதை எழுதுகிறாள் என்று எவராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். ரிட்டயர் ஆகப்போகிறவளை என்ன செய்துவிடுவார்கள்?

நீ கேட்ட ஆய்வுக் களஞ்சியம் இப்போது ஓடுகிறது. எந்தத் துறை ஆய்வேடானாலும், எந்த ஊரிலிருந்தும், யாரும், பாஸ்வேர்டும் சந்தாவும் இல்லாமல் திறந்து படிக்கலாம். பழையவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றுகிற பொறுப்பு என்னுடையது. பார்ப்பதற்கு நீ இல்லை. துக்கம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் ஆத்திரமாகத்தான் வருகிறது. இவ்வளவு அவசரமாக உனக்கு எங்கே போக வேண்டியிருந்தது?

நாம் அறிமுகமானதே சண்டையில்தான். நான் நூலகத்தில் புதிதாகச் சேர்ந்து, சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். நீ எகனாமிக்ஸ் ஆராய்ச்சி மாணவி. வெளியே கொடுக்கக் கூடாத புத்தகம் ஒன்றைக் கேட்டு கவுண்டரில் தெலுங்கில் வாதாடிக்கொண்டிருந்தாய். 'இதுக்கு வேற வேல இல்ல போல' என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். நீ சட்டென்று திரும்பி, "வேற வேல நெறைய கீது மேடம். புக்க குடுத்தா பாத்துக்கினு போய்க்கினே இருப்பேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தையும் கொடுத்துவிட்டேன்.

நீ எழுதிக்கொண்டிருந்தது ஊரை விட்டுப் போகிறவர்களைப் பற்றி. சென்னைப் பக்கம் கார் கம்பெனியும் செல்போன் கம்பெனியும் வந்திறங்கிய காலம் அது. வடமாலபேட்டை ஸ்டாப்பில் ஸ்டவ், பாய், அரிசி மூட்டையோடு குடும்பம் குடும்பமாகச் சென்னை பஸ் ஏறினார்கள். ஆந்திர எல்லைக் கிராமங்களிலிருந்து அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதுதான் உன் கேள்வி. உன் அம்மாவும் தம்பியும் அப்படிப் போனவர்கள்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, தம்பி கம்பெனியிலும் அம்மா கம்பெனி கேன்டீனிலும் வேலை பார்த்தார்கள். நைனா மட்டும் ஊரில் தனியாக இருந்தார். கூட்டிக்கொண்டு போகாததற்கு அம்மா சொன்ன காரணத்தை நீ அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாய். "நாத்து நட குனியமாட்டான். மூட்ட தூக்கமாட்டான். துன்றதுக்கு மட்டும் குந்திக்குவான். நடிக்கிறான்டி உங்க நைனா. நா எத்தினி நாளைக்கி ஒண்டியா வேல செஞ்சி கொட்டறது?"

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் தடவை உன் வீட்டுக்கு வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவில்லை, முழு உடம்பையும் திருப்பினார். பற்களில் பழுப்புக் கோடு. "வாம்மா, குந்து" என்றார், ஆனால் அவரால் குந்த முடியவில்லை. சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, "குடி. இது யூனிவர்சிட்டி தண்ணி" என்றார் பெருமையாக.

எனக்குப் புரியவில்லை. நீ தலையில் அடித்துக்கொண்டாய். அவர்தான் விளக்கினார்.

"இவ ஸ்கோலு போய்க்கினு இருந்தப்ப உங்க காலேஜ்காரங்க ஜீப்புல வந்தாங்க. நம்ம தெரு பம்புல பாட்டில் பாட்டிலா தண்ணி புடிச்சிக்கினு போனாங்க. டெஸ்டு பண்ணப் போறோம்னாங்க. அப்பால ஆளே வரல. தண்ணி கெட்டுப் போயிருந்தா வந்து சொல்லியிருப்பாங்க இல்ல? ஒண்ணுமே சொல்லல. அப்ப நல்லா கீதுன்னு தானே?"

அதுவரை தெருவில் சில வீடுகளில் வயல் பக்கத்துக் கிணற்றிலிருந்து குடிக்கக் கொண்டுவருவார்களாம். படித்தவர்கள் பார்த்துவிட்டுப் போன தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். நானும் அந்தச் சொம்பைக் காலி செய்தேன். ருசியான தண்ணீர்தான்.

அப்புறம் அந்தக் கார்த்திகை மழை. நூலக மாடியில் கூரை ஒழுகி, சயின்ஸ் ஆய்வேடுகள் இருந்த வரிசை முழுக்க நனைந்துவிட்டது. ஆள் போதாமல் படிக்க வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். நீயும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாய். ஆய்வேடுகளைக் கீழே கொண்டுவந்து, ஃபேனுக்கு அடியில் விரித்து நிறுத்தி, பக்கம் பக்கமாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தோம். நீ எகனாமிக்ஸ். ஜியாலஜி வரிசைக்கு நீ போக வேண்டிய அவசியமே இல்லை. கூரை ஒழுகியிருக்காவிட்டால் அந்த ஆய்வேடு உன் கைக்கு வந்தே இருக்காது.

"ஏமே, இங்க வா. இது எங்க ஊரு மேப்பு" என்றாய்.

மேப்பில் உங்கள் தெரு பம்ப் ஒரு புள்ளியாக இருந்தது. அடுத்த பக்கத்து அட்டவணையில், அந்தப் புள்ளியின் தண்ணீரில் ஃப்ளோரைடு, இவ்வளவு இருக்கலாம் என்று சொன்ன அளவைத் தாண்டி நின்றது. கடைசி அத்தியாயத்தில் தெளிவாக எழுதியிருந்தது: இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. தொடர்ந்து குடித்தால் பல் கறைபடும், மூட்டு இறுகும், முதுகெலும்பு வளையாது. நீ நின்றபடியே முழு அத்தியாயத்தையும் படித்தாய். பக்கத்திலிருந்தவர்கள் காகிதத்தைத் தட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இத யாரு எடுத்துப் படிச்சி கீறாங்க?" என்று கேட்டாய். பின்னட்டையில் ஒட்டியிருந்த இரவல் தாளைப் பார்த்தேன். ஒருவர்கூட எடுக்கவில்லை. துறையில் இருந்த இன்னொரு பிரதி பூட்டிய பீரோவில் இருந்தது. சாவி புரொபசரிடம்.

எழுதியவனைத் தேடிப் பிடித்தோம். கல்லும் மண்ணும் படித்தவன், எல்லோரையும் போல கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்து, அமெரிக்காவில் சாஃப்ட்வேரில் இருந்தான். போனில் நீ விஷயத்தைச் சொன்னதும் எந்தத் தெரு பம்ப் என்று கேட்டானாம். பிறகு தெலுங்கில், "நான் எழுதிக் கொடுத்துட்டேனேம்மா. டிபார்ட்மென்ட்லருந்து கவர்ன்மென்ட்டுக்குப் போயிருக்கும்னு நெனச்சேன்" என்றானாம். துறையில் கேட்டால், பையன் ஊரில் சொல்லியிருப்பான் என்று நினைத்தார்களாம். பூத்திலிருந்து வெளியே வந்து நீ சொன்னாய்: "நல்ல மனுஷன்மே. அதான் வயித்தெரிச்சல். திட்டக்கூட முடியல."

நைனாவிடம் சொல்லப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். நீ பம்பைப் பற்றி, எலும்பைப் பற்றி, எல்லாம் சொன்னாய். மருந்து உண்டா என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப நா நடிக்கல?"

"இல்ல நைனா."

"எனக்கு தெரியும் நா நடிக்கலன்னு. ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி, மெய்யாலுமே சோம்பேறியாத்தான் பூட்டனோன்னு எனக்கே ஒரு டவுட்டு." முழு உடம்பையும் உன் பக்கம் திருப்பினார். "உங்கம்மாகிட்ட சொல்லு."

அவ்வளவுதான் அவர் கேட்டது. பம்பை மூட வை என்றோ, பென்ஷன் வாங்கிக் கொடு என்றோ கேட்கவில்லை. பம்பை மூட நீ மண்டல ஆபீசுக்கு அலைந்ததும், கடைசியில் மூடியதும், வேறு குழாய் வந்ததும் தனிக் கதை. அது வருவதற்குள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது.

உன் அம்மாவைப் பார்க்க நாம் இரண்டு பேரும்தான் போனோம். கேன்டீன் வேலை முடிந்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "நீ நைனா செல்லம். நீ அவருக்காகத்தான் பேசுவ. காலேஜ்காரங்க எழுதி வெச்சி இருந்தா காட்டு, பாக்கலாம்."

கையிலிருந்த ஜெராக்சைக் காட்டினாய். ஜியாலஜி ஆய்வேட்டின் பக்கங்கள். அதில் பாறை இருந்தது, பம்ப் இருந்தது, மனிதர் ஒருவரும் இல்லை. உன் ஆய்வேட்டில் மனிதர்கள் இருந்தார்கள். ஊரை விட்டுப் போனவர்களில் பலபேர் 'கை கால் பிடிச்சிக்கிச்சி, வேல செய்ய முடியல' என்று உன்னிடம் சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் ஓர் அத்தியாயமாக எழுதியிருந்தாய். 'இது எகனாமிக்ஸ் இல்ல, டாக்டர் வேல' என்று உன் கைடு அந்த அத்தியாயத்தையே அடித்துவிட்டார். ஆக, ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே தெருவைப் பற்றி, மாடியில் தண்ணீர் இருந்தது, கீழே ஜனங்கள் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற காகிதம் எங்கேயும் இல்லை. உன் அம்மா கேட்ட காகிதம் அதுதான்.

அதை நீ எழுதினாய். ஆங்கிலத்தில் ஒன்று, அதையே தமிழில் ஒன்று. தமிழில் எழுதியது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எகனாமிக்ஸ் இதழுக்கு அனுப்பினாய், இது நிலவியல் என்று திரும்பியது. நிலவியல் இதழுக்கு அனுப்பினாய், இது பொருளாதாரம் என்று திரும்பியது. சித்தூர் காலேஜில் உனக்கு லெக்சரர் வேலை கிடைத்திருந்த சமயம் அது. பஸ் ஸ்டாண்டில் பன் தின்றுகொண்டே, "எங்க நைனா முதுகு எந்த டிபார்ட்மென்ட்டுல வரும்மே?" என்று கேட்டுச் சிரித்தாய். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது.

களஞ்சியம் வேண்டும் என்று நீ பிடித்த பிடிவாதம் அங்கேதான் ஆரம்பித்தது. பத்திரிகைக்காரன் போடாவிட்டால் போகிறான், பல்கலைக்கழகமே எல்லாத் துறை ஆய்வையும் ஒரே இடத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்துவிட வேண்டும் என்றாய். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால், அந்த ஊரைப் பற்றி எல்லாத் துறையும் எழுதியது ஒன்றாக வந்து நிற்க வேண்டும் என்றாய். அதற்காகக் கூட்டிய கூட்டத்தில் நீ வெளி ஆள், நான் ஓரமாகக் குறிப்பெடுக்கிறவள். எழுதியவை வெளியே போனால் காப்பி அடித்துவிடுவார்கள் என்று ஒரு புரொபசர் கவலைப்பட்டார்.

"அடிக்கட்டும் சார். அடிக்கறதுக்காகவாவது ஒருத்தன் படிப்பான் இல்ல?" என்றாய்.

"எங்க டிபார்ட்மென்ட் டேட்டாம்மா அது" என்றார் இன்னொருவர்.

"டேட்டா உங்க டிபார்ட்மென்ட்டுது சார். தண்ணி எங்க தெருவுது."

அடுத்த கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் அம்மாவிடம் போய், காலேஜ்காரர்களே போடுவார்கள், இதோ வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வருவாய். "வரட்டும்" என்பாராம் அவர். நைனாவோ போனில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "அந்த பேப்பரு ஏறிச்சா?" என்று மட்டும் கேட்பார்.

பிறகு உனக்கு அந்த நோய். சித்தூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு நாம் போன பஸ் பயணங்களை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்றைக்கு வீடு போய்ச் சேரமாட்டேன். கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, "எப்ப தொறந்தாலும் சரி, என்துதான் மொதல்ல போடணும். ரெண்டு டிபார்ட்மென்ட்டுலயும் போடு. போட்டுட்டு சும்மா இருக்காத. போய் சொல்லிட்டு வா. நைனாகிட்ட, அம்மாகிட்ட." மொட்டைத் தலையில் என் துப்பட்டாவைக் கட்டியிருந்தாய். "மலைக்குப் போய் முடி குடுத்துட்டு வந்தேன்னு சொல்லிக்கலாம்மே" என்று அதிலும் ஒரு கேலி. அதற்கப்புறம் பேச உனக்கு மூச்சு இல்லை.

நீ போன பிறகுதான் களஞ்சியத்தைத் திறக்க உத்தரவு வந்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. மென்பொருள் போட வந்த பையன், ஓர் ஆய்வை ஒரு துறையில்தான் போட முடியும் என்றான். முடியாது என்றால் எழுந்து போ, முடிகிற ஆளைக் கூப்பிடுகிறேன் என்றேன். பயந்துபோய் மாற்றிக் கொடுத்தான். உன் கட்டுரை இரண்டு துறையிலும் நிற்கிறது. ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த அமெரிக்காக்காரனின் ஆய்வேடும், உன் ஆய்வேடும், இரண்டையும் சேர்த்து நீ எழுதியதும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. நீ சொன்னபடியே உன்னுடையதைத்தான் முதலில் ஏற்றினேன். உன் தம்பிக்கு லிங்க் அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்பினேன்.

தெருவில் உன் நைனா வீட்டில்தான் ஆள் இருந்தது. மற்றவையெல்லாம் பொங்கலுக்குத் திறக்கிற வீடுகள். பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக விறைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேறு மாதிரி உட்கார வராது. என்னைக் கண்டதும், "ஏத்திட்டியாமே?" என்றார்.

"ஏத்தியாச்சு நைனா. இனிமே யாரு வேணா பாக்கலாம். அமெரிக்காவுல இருந்துகூட."

"அமெரிக்கா இன்னாத்துக்கு? ஸ்ரீபெரும்புதூர்ல தெரிஞ்சா போதும். தெரிஞ்சிச்சி. புள்ள போன்ல தமிழ்ல அவங்கம்மாவுக்கு படிச்சி காட்டினானாம். அவ வேலைய வுட்டுட்டு முழுசும் கேட்டாளாம்."

"இன்னா சொன்னாங்க?"

அவர் வேட்டி நுனியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அதுல ஒரு கூலிக்காரன் வரானாமே. முதுகு வளையாம, வூட்டுல சோம்பேறின்னு சொல்லி, பொண்டாட்டி புள்ள ஊர வுட்டுப் போய்... அத கேட்டு கண்ணு கலங்கிட்டாளாம். 'யாரோ பாவம், எப்பிடி கஷ்டப்பட்டு கீறாரு பாரு'ன்னாளாம். அது நம்ம நைனாதாம்மான்னு புள்ள சொல்லி கீறான். 'போடா, உங்க நைனா பேரு எங்க போட்டு கீது?'ன்னு கேட்டாளாம்."

ஆராய்ச்சியில் ஜனங்களின் பெயரைப் போடக் கூடாது. நாளைக்கு அவர்களுக்கு ஒரு தொந்தரவு வரக் கூடாது என்பதற்காக வைத்த முறை, நல்ல முறைதான். சொந்த நைனா என்பதால் நீ இன்னும் கவனமாக மறைத்திருந்தாய். 'ஒரு கூலித் தொழிலாளி' என்று எழுதியிருந்தாய்.

"பேர போடும்மா. எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. யாரு வேணா பாக்கறதுதானே? என் பேர போட்டு வெய்யி. அவ பாக்கட்டும்."

போட முடியாது என்று அவரிடம் சொல்லாமல், கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கமிட்டியிலும் கேட்டேன். எழுதியவர் மட்டும்தான் எழுத்தைத் திருத்தலாம், எழுதியவர் உயிரோடு இல்லாவிட்டால் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது என்றார்கள். வேறு யாருடைய ஆய்வென்றாலும் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை சேர்க்க நீ வேண்டியிருக்கிறது, நீ இல்லை. அவர் ஞாயிறுதோறும் போன் செய்து, "அவ எழுதினதுல போட்டாச்சா?" என்று கேட்கிறார்.

நீ விட்டுப் போனதில் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தப் பெயர்தான். காலையில் பஸ் ஏறும்போதும் அது நெஞ்சில் இருக்கிறது, அடுத்தவர் ஆய்வேட்டை ஏற்றும்போதும் இருக்கிறது. களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. இந்தக் கடிதம் ஆராய்ச்சி இல்லை, இதற்குக் கைடும் இல்லை, கமிட்டியும் இல்லை. இதை அச்சில் போடக் கொடுக்கப் போகிறேன். வந்ததும் நானே ஸ்ரீபெரும்புதூர் போய், உன் அம்மா முன்னால் உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டுவேன்.

அந்தக் கூலித் தொழிலாளியின் பெயர் கன்னியப்பன். அவர் நடிக்கவில்லை, அம்மா.